பச்சை பிடிக்கும் காலம்

2019-ஆம் ஆண்டு ஜூன் மாதம் எனக்கு உதகைக்கு மாற்றல் வந்தது. கணவரின் வேலையும் மகனின் பள்ளியும் திருச்சியில் இருந்தன. அவர்களால் வர இயலாது. நானும் அம்மாவும் மட்டும் மலையேறுவது என்று முடிவாயிற்று. மகள் வீட்டில் தங்குவதை அதுவரை அம்மா ஒப்புக்கொண்டதே இல்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்ற பழமொழியை அவள் சட்டம்போல் கடைப்பிடித்தவள். நான்காம் நாள் காலை பையோடு வாசலில் நிற்பாள்.

அவளை இணங்கவைத்தது நான் அல்ல, கஜா. 2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய அந்தப் புயல், மன்னார்குடிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரையும் கடந்து போனது. அப்பா நட்டு வளர்த்த நாற்பது தென்னைகளில் மூன்று மட்டுமே மிஞ்சின. அப்பா இறந்து அப்போது ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. ஓடு பறந்த வீட்டில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு அம்மா ஆறு மாதம் தனியாக இருந்தாள். பிறகு நான் அழைத்தபோது, "சரி வரேன்" என்று ஒரே சொல்லில் சம்மதித்தாள். அந்தச் சம்மதத்தில் மகிழ்ச்சி இல்லை என்பதை அன்று நான் கவனிக்கவில்லை.

கொல்லையில் ஒரு பெரிய கறிவேப்பிலை மரம் இருந்தது. அம்மா கல்யாணமாகி வந்தபோதே அது இருந்ததாம். புயலில் அதுவும் வேரோடு சாய்ந்தது. ஆனால் கறிவேப்பிலை அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்கிற மரம் அல்ல. மண்ணுக்குள் அறுந்து நின்ற வேர்களிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பின. அவற்றில் ஒன்றைத் தாய்வேரின் துண்டோடு பெயர்த்து, பழைய பெயிண்ட் வாளியில் வைத்து, திருச்சி, கோவை, மேட்டுப்பாளையம் என்று பேருந்து மாறி மாறி உதகைவரை அம்மா கொண்டுவந்தாள். துணிப்பை இரண்டையும் என்னிடம் கொடுத்துவிட்டாள். வாளியை மட்டும் கொடுக்கவில்லை.

*

உதகை கடல் மட்டத்திலிருந்து 2200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. எங்கள் ஊரோ ஏறக்குறையக் கடல் மட்டத்திலேயே இருப்பது. கறிவேப்பிலை வெயிலின் பிள்ளை. குளிர் கூடினால் அதன் வளர்ச்சி நின்றுபோகும், இலைகள் உதிரும், உறைபனி பட்டால் இளந்தண்டு கருகிவிடும். இவையெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை. அப்போது தெரிந்ததெல்லாம், அந்தச் செடி பிழைத்தாக வேண்டும் என்பது மட்டும்தான்.

நாங்கள் போய்ச் சேர்ந்த ஆகஸ்டில் நீலகிரியில் பேய்மழை. அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது என்று செய்தி வந்த வாரத்தில் சூரியனையே பார்க்கவில்லை. மழை விட்டபோது செடியில் பாதி இலைகள் இல்லை. நான் பதறினேன். தினமும் தண்ணீர் ஊற்றினேன். உரக்கடையில் கேட்டு ஒரு பொட்டலம் வாங்கிவந்து போட்டேன். இலை மேலும் கொட்டியது. வெயில் போதவில்லை என்று வெட்டவெளியில் வைத்தேன். டிசம்பரில் பனி தொடங்கியதும் பயந்துபோய் உள்ளே கொண்டுவந்து, அம்மாவின் கட்டிலுக்கு அருகே, மின்கணப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். அப்போதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

அம்மாவையும் ஏறக்குறைய அப்படித்தான் பார்த்துக்கொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது. கம்பளிக் காலுறை, குரங்குக் குல்லா, இரண்டு ரஜாய், மூட்டு வலிக்கு மாத்திரை, நேரத்துக்கு வெந்நீர். வெளியே போகாதே, படியில் வழுக்கும். குளிர்காற்று படாதே, சளி பிடிக்கும். பாத்திரம் தொடாதே, தண்ணீர் ஜில்லென்று இருக்கும். கல்லூரிக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டாத குறைதான். அம்மா எதையும் மறுத்துப் பேசவில்லை. ஊரில் வாயாடி என்று பெயரெடுத்தவள் ஒருநாள் முழுக்கப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். ரவிக்கைகள் தொளதொளத்தன. மருத்துவர் சோதித்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார்.

2020 ஜனவரியில் செடி செத்துப்போனது.

எங்கள் வீட்டுக்குக் கீழே, சரிவில், ஓர் அக்கா சிறிய நாற்றுப் பண்ணை வைத்திருந்தார். முன்பு ஒரு பெரிய பண்ணையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். செடிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி வாளியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன். அவர் தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டினார். உள்ளே பழுப்பாக இருந்தது. பிறகு செடியை அப்படியே பிடுங்கினார். வேர் கறுத்து, அழுகிய வாடை அடித்தது.

"குளிருல செத்ததுன்னு நினைச்சீங்களா டீச்சர்? தண்ணியில செத்திருக்கு" என்றார்.

"இலை கொட்டிக்கிட்டே இருந்துச்சே அக்கா. அதனாலதான் ஊத்தினேன்."

"கொட்டுனா கொட்டட்டுமே. அந்த இலையெல்லாம் உங்க ஊரு வெயிலுக்குன்னு விட்ட இலை. இங்க அதுக்கு வேலை இல்லை. அதுவே கழட்டிப் போட்டுட்டுப் புதுசா விடும். அதுவரைக்கும் சும்மா இருக்கணும். நீங்க சும்மா இருக்க விடல."

அவர் சொன்னது தாவரவியல் முறைப்படியும் சரியே என்று கல்லூரியின் தாவரவியல் துறை நண்பர் பிறகு விளக்கினார். முழுதாக விரிந்துவிட்ட இலை தன் அமைப்பைப் பெரிதாக மாற்றிக்கொள்ளாது. அதன் தடிமனும் உள்ளடுக்குகளும் அது உருவான வெளிச்சத்துக்கு ஏற்றவை. வேறு வெளிச்சத்துக்குப் போகும் செடி பழைய இலைகளைப் பழக்குவதில்லை. அவற்றை உதிர்த்துவிட்டுப் புதிய வெளிச்சத்துக்கு ஏற்ற புதிய இலைகளைத் துளிர்க்கிறது. இலை குறைந்து, குளிரும் கூடி நிற்கும் செடிக்குத் தண்ணீர்த் தேவை மிகக் குறைவு. குளிர்ந்த ஈர மண்ணில் வேருக்குக் காற்றும் கிடைப்பதில்லை. ஆக, நான் மரணம் என்று நினைத்தது ஒரு மாற்றம். நான் மருந்து என்று நினைத்துக் கொடுத்ததுதான் மரணம்.

வெறும் வாளியோடு வீடு திரும்பி அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெகுநேரம் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நட்ட பயிருக்கு மறுநாளே யாராவது மேலுரம் போடுவாங்களா பாப்பா?"

நான் திகைத்துப் போனேன். அம்மா நாற்பது ஆண்டுகள் நடவு நட்டவள். நாற்றங்காலில் பறித்த நாற்று, நட்ட வயலில் முதல் சில நாள் தலை சாய்ந்து வெளிறி நிற்கும். பறிக்கும்போதே அதன் வேர்களில் பாதி அறுந்திருக்கும். பழைய வேர் உதவாது. அடியிலிருந்து வெள்ளை வெளேரென்று புதுவேர் விட்ட பிறகே பயிர் நிமிரும். எங்கள் பக்கத்தில் அதைப் பச்சை பிடித்தல் என்பார்கள். பச்சை பிடிக்கும்வரை வயலில் தண்ணீரை மெல்லியதாக நிறுத்துவார்கள், ஆழக் கட்டமாட்டார்கள். மேலுரம் அதற்குப் பிறகுதான். இதை அறியாத வீடு எங்கள் ஊரில் கிடையாது. முதுகலைத் தமிழ் படித்து, மருதத் திணைக்கு நாள்கணக்கில் விளக்கம் சொல்லும் நானும் அந்த வீட்டில் பிறந்தவள்தான்.

"தெரிஞ்சும் நீ ஏம்மா சொல்லல?"

"உன் வீடு. நீ பார்த்துக்குவேன்னு இருந்துட்டேன்."

உன் வீடு என்ற அந்தச் சொல் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

*

அடுத்த மாதம் மாணவர்களோடு அரசினர் தாவரவியல் பூங்காவுக்குப் போக நேர்ந்தது. எத்தனையோ முறை பார்த்த இடம்தான். இம்முறை அந்த மரங்களை வேறு கண்ணால் பார்த்தேன். அங்கே நிற்பவற்றில் பெரும்பகுதி எங்கிருந்தோ வந்தவை. 1848-இல் இந்தப் பூங்காவை உருவாக்க இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் பயின்ற மெக்ஐவர் அனுப்பப்பட்டார். அவரைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கி, சிங்கோனா மரத்தின் கதைக்குள் போய் விழுந்தேன்.

சிங்கோனா தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச் சரிவுகளில் வளர்வது. அதன் பட்டையிலிருந்துதான் மலேரியாவுக்கு மருந்தான கொயினா கிடைத்தது. அந்த மரத்தை இந்தியாவில் வளர்க்க விரும்பிய ஆங்கில அரசு, 1860-இல் கிளெமென்ட்ஸ் மார்க்கமைப் பெரு நாட்டுக் காடுகளுக்கு அனுப்பியது. அவர் திரட்டிய கன்றுகள் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வைக்கப்பட்டு, கடல் கடந்து, செங்கடலின் வெக்கையில் வெந்து, உதகை வந்துசேர்ந்தபோது சாகும் நிலையில் இருந்தன. அவை பிழைக்கவில்லை. அதே சமயத்தில் ரிச்சர்டு ஸ்புரூஸ் என்ற தாவரவியலாளரும் ராபர்ட் கிராஸ் என்ற தோட்டக்காரரும் ஈக்வடாரில் சிவப்புப் பட்டைச் சிங்கோனாவின் விதைகளையும் கன்றுகளையும் சேகரித்தார்கள். கன்றுகளோடு கிராஸ் தாமே கப்பலேறி, வழி முழுவதும் உடனிருந்து வந்தார். அவை 1861-இல் உதகை சேர்ந்தன, பிழைத்தன. தபாலில் வந்த விதைகளும் மெக்ஐவர் கையில் முளைத்தன.

இதற்குள் இன்னொரு கதை இருக்கிறது. அதுதான் என்னை உலுக்கியது. சிங்கோனா அடர்ந்த காட்டில் வளர்வது என்பதால் அதற்குக் காட்டின் நிழல் கட்டாயம் வேண்டும் என்று ஜாவாவில் டச்சுக்காரர்களின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட யுங்ஹூன் நம்பினார். பெரிய மரங்களின் அடியிலேயே நட்டார். கன்றுகள் வெளிச்சம் தேடி ஒல்லியாக நீண்டன. மெக்ஐவரோ தொட்டபெட்டா, நடுவட்டம் பகுதிகளில் முதலில் பாதுகாத்து வளர்த்து, சிறிது சிறிதாகப் பழக்கி, பிறகு திறந்த வெளியில் நட்டார். அவை தழைத்தன. அன்பு இருவருக்கும் இருந்தது. ஒருவர் பழைய வீட்டை அப்படியே செய்துகொடுக்க முயன்றார். மற்றவர் புதிய வீட்டைத் தாங்கும் வலுவைச் செடியிடமே உண்டாக்கினார்.

வேற்றுநிலச் செடிகளின் வரலாறு முழுவதும் இப்படி இனிப்பானது அல்ல. சிங்கோனாவின் மிகச் சிறந்த வகையை அடையாளம் கண்டு விதை திரட்டிக் கொடுத்தவர் பொலிவியாவின் பழங்குடி மனிதரான மமானி. சார்லஸ் லெட்ஜர் என்ற வணிகருக்காக வேலை செய்தவர். அந்த விதையை 1865-இல் டச்சுக்காரர்கள் வாங்கினார்கள். உலகக் கொயினாச் சந்தையே பின்னாளில் ஜாவாவின் கைக்குப் போனது. மமானியோ விதை கடத்திய குற்றத்துக்காகச் சிறையில் அடிக்கப்பட்டு, அதன் விளைவாக 1871-இல் இறந்தார். செடி புது வீட்டில் தழைத்தது. அதைத் தேடிக் கொடுத்தவருக்குத் தன் சொந்த வீட்டிலேயே இடமில்லாமல் போயிற்று. தழைப்பதிலும் அளவு மீறுவது உண்டு. 1843-இல் நீலகிரிக்கு வந்த ஆஸ்திரேலியத் தைல மரமும், சீகை மரமும் சோலைகளுக்கு இடையே இருந்த புல்வெளிகளை விழுங்கியதை இங்கே வசிக்கும் எல்லோரும் அறிவர். பழகிக்கொள்ளாமல் சாவது ஒரு துயரம் என்றால், இருப்பதையெல்லாம் அழித்துப் பழகிக்கொள்வது இன்னொரு துயரம்.

*

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது. கல்லூரி மூடப்பட்டது. வகுப்புகள் கைப்பேசித் திரைக்குள் போயின. நான் ஓர் அறையில் உட்கார்ந்து திரையோடு பேசிக்கொண்டிருக்க, அம்மா வாசற்படியில் உட்கார்ந்து சரிவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மே மாதத்தில் ஒருநாள் வகுப்பு முடிந்து வெளியே வந்தால் அம்மாவைக் காணவில்லை. பதறிப்போய்த் தேடினேன். கீழே அக்காவின் பண்ணையில், குவித்த மண்ணின் முன் கால் நீட்டி உட்கார்ந்து, பிளாஸ்டிக் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நிரப்பி வைத்த பைகள் வரிசையாக நின்றன. கால்களில் உறை இல்லை.

அடுத்த நாளும் போனாள். வாரக் கடைசியில் அக்கா அவளுக்குக் கூலி கொடுத்தார். அம்மா அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

நான் மிகவும் கோபப்பட்டேன். என்ன பேசினேன் என்பதை முழுதாக எழுத மனம் கூசுகிறது. கல்லூரியில் வேலை பார்ப்பவளின் தாய் கூலிக்கு மண் அள்ளுவதா, பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள், உனக்கு நான் என்ன குறை வைத்தேன் என்ற ரீதியில் பேசினேன். அம்மா பதில் சொல்லவில்லை. அக்காதான் சொன்னார்.

"டீச்சர், நான் பொறந்தது சிலோன்ல, தேயிலைத் தோட்டத்து லயத்துல. 1974-ல எனக்கு ஒம்பது வயசு. தலைமன்னார்ல கப்பலேத்தி ராமேஸ்வரத்துல இறக்குனாங்க. மண்டபம் முகாம். அப்புறம் இங்க. எங்கம்மாவுக்கு வந்த மறுவாரமே கொழுந்து பறிக்க வேலை கொடுத்தாங்க. அதுனாலதான் பொழைச்சாங்க. எங்க அப்பாவுக்கு ஒரு வருஷம் வேலை இல்லை. சும்மா திண்ணையில உட்கார்ந்திருந்தாரு. அவரு ரொம்ப நாள் இருக்கல."

1964-இல் சிறிமாவோ பண்டாரநாயகவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டதையும், அவர்களில் பலருக்கு நீலகிரியில் அரசின் தேயிலைத் தோட்டங்களில் வேலை தரப்பட்டதையும் நான் படித்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் வைத்துக் கேட்டது அதுவே முதல்முறை. தாயகம் திரும்பியோர் என்பது அரசு ஆவணம் அவர்களுக்கு வைத்த பெயர். அக்காவைப் போன்றோருக்கு அது திரும்புதல் அல்ல. அவர்கள் பார்த்தே இராத ஊருக்கு வந்த வருகை.

அன்று நான் எதுவும் பேசாமல் மேலே வந்துவிட்டேன். அம்மா தொடர்ந்து போனாள். ஆடியில் அவளுடைய குரல் சரிவிலிருந்து மேலே கேட்கத் தொடங்கியது. நடவு வயலில் கேட்ட அதே உரத்த குரல்.

*

2021-இல் கல்லூரி திறந்தபின் அகத்திணையியல் நடத்தினேன். குறிஞ்சிக்கு உரிய கருப்பொருள்களைப் பட்டியலிட்டுக்கொண்டிருந்தபோது கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்தாள்.

"மேடம், எங்க மலையில தேயிலைதான் இருக்கு. தேயிலை எந்தத் திணை?"

வகுப்பு சிரித்தது. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. தொல்காப்பியர் இதற்கு இடம் வைத்திருக்கிறார். எந்த நிலத்துப் பூவாயினும் பறவையாயினும், தனக்கு உரிய நிலத்தையும் பொழுதையும் விட்டு வேறொரு நிலத்தில் வந்து தோன்றினால், அதை வந்து சேர்ந்த நிலத்துக்கு உரியதாகவே கொள்ள வேண்டும் என்பது அவர் நூற்பாவின் கருத்து. திணைமயக்கம் என்ற தலைப்பில் பல ஆண்டுகளாகத் தேர்வு வினாவாக மட்டுமே நான் நடத்திவந்த இடம் அது. அதியமானின் முன்னோர் கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்ததாக ஒளவையார் புறநானூற்றில் பாடுவதையும் சொன்னேன். இன்று கரும்பில்லாமல் நமக்குப் பொங்கல் இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மிளகாய் இல்லாமல் குழம்பு இல்லை. எனவே தேயிலையும் குறிஞ்சியின் கருப்பொருள்தான் என்று முடித்தேன்.

அவள் உட்காரவில்லை.

"வந்து எவ்வளவு நாள் ஆனா மேடம்? எங்க பாட்டி வந்து அம்பது வருஷம் ஆச்சு. இன்னும் சிலோன்காரங்கன்னுதான் சொல்றாங்க."

தொல்காப்பியர் அதற்குக் கால வரம்பு எதுவும் சொல்லவில்லை. வந்த உடனேயே உரியது என்றுதான் அந்த நூற்பாவை நான் புரிந்துகொள்கிறேன். பூவுக்கும் பறவைக்கும் கவிதையில் இலக்கண ஆசிரியர் உடனே கொடுத்துவிட்டதை மனிதருக்கு ஊர் அவ்வளவு எளிதில் கொடுப்பதில்லை. இதை அந்த மாணவியிடம் சொன்னேன். வேறு நல்ல பதில் என்னிடம் இருக்கவில்லை.

*

அந்த ஆகஸ்டில் ஊருக்குப் போனோம். கொல்லையில் விட்டுவந்த பக்கக் கன்றுகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து காய்த்திருந்தன. கறுத்துப் பழுத்த பழங்களை அம்மா ஒரு கைப்பிடி பறித்தாள். கறிவேப்பிலை விதை நாள்படத் தாங்காது. சில வாரங்களிலேயே முளைப்புத் திறன் போய்விடும். வந்த அன்றே பழத்தின் சதையைக் கழுவி நீக்கி, மணலும் இலைமட்கும் கலந்த சிறு பைகளில் ஊன்றினாள். இம்முறை நான் எதிலும் கை வைக்கவில்லை. முளைப்பதற்கு வெதுவெதுப்பு வேண்டும் என்று பைகளைக் குளிர்பதனப் பெட்டியின் மேலே வைக்கச் சொன்னவர் அக்கா. குளிரூட்டும் பெட்டியின் தலையில் எப்போதும் ஒரு சூடு இருக்கிறது என்பதை அன்றுதான் தொட்டுப் பார்த்தேன். இருபது விதைகளில் ஏழு முளைத்தன.

உறைபனி எப்படி இறங்குகிறது என்பதையும் அந்த ஆண்டு கற்றுக்கொண்டேன். மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு இழந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் தலைக்குந்தாவின் புல்வெளி வெள்ளையாகும்போதும் மரத்தடிப் புல் பச்சையாகவே இருக்கிறது. மரக்கிளை மறைத்தால் சூடு தங்கும். பூங்காவில் மிலார் என்னும் செடியின் கிளைகளைக் கொண்டு மலர்ச்செடிகளை மூடிவைப்பது இதற்காகவே. பனி பட்ட இலைமேல் உடனே காலை வெயில் பட்டால் சேதம் கூடும். ஆகவே அக்கா மேற்கு பார்த்த சுவரைக் காட்டினார். பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் இரவில் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும். காலை வெயிலும் மெல்லத்தான் வந்து சேரும்.

நாற்றுகள் மாலை ஐந்து மணிக்கு உள்ளே வரும். காலையில் வெளியே போகும். முதல் வாரம் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் இரண்டு மணி நேரம் என்று வெளியே இருக்கும் பொழுதை அம்மா கூட்டிக்கொண்டே போனாள். தண்ணீர், மேல்மண் காய்ந்தால் மட்டும். அதுவும் காலையில் மட்டும். ஏழில் மூன்று முதல் பனியில் போயின. இரண்டு காரணம் தெரியாமல் போயின. மிஞ்சிய இரண்டில் ஒன்றை அக்காவுக்குக் கொடுத்தாள்.

எங்களுடையது மரமாகவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். மூன்று ஆண்டுகளில் இடுப்பு உயரம்கூட வரவில்லை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் பாதி இலையை உதிர்த்துவிட்டு, மார்ச்சில் துளிர்த்தது. இலைகள் சிறியவை. வாரத்துக்கு இரண்டு ஈர்க்கு பறிக்கலாம். அதற்கு மேல் கேட்கக் கூடாது. உதகை மண்ணில் இறக்கி நட்டிருந்தால் ஒரு பனிக்காலத்தையும் தாண்டியிருக்காது. எவ்வளவு பழக்கினாலும் ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் தொட்டியும் சுவரும் மாலை ஐந்து மணிக்குத் தூக்கிவைக்கும் கையும் வேண்டும். அம்மாவும் உதகைக்காரி ஆகிவிடவில்லை. குளிரைத் திட்டாத நாளில்லை. ஆனால் ரசத்தில் அந்த இரண்டு ஈர்க்கைக் கிள்ளிப் போடும்போது, "நம்ம வீட்டு எலை" என்பாள். எந்த வீடு என்று நான் கேட்டதில்லை.

*

2024 ஜூலையில் திருச்சிக்கு மாற்றல் ஆணை வந்தது. மகிழ்ச்சியோடு ஓடிவந்து சொன்னேன். அம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு மேற்குச் சுவரோரம் இருந்த தொட்டியைப் பார்த்துச் சொன்னாள்:

"இது அந்த வெயிலைத் தாங்குமா பாப்பா?"

சிரிக்கத்தான் தோன்றியது. கறிவேப்பிலைக்கா வெயில் தாங்காது? யோசித்தபோது சிரிப்பு நின்றது. இந்தச் செடி முளைத்தது இங்கே. இதன் ஒவ்வோர் இலையும் இந்த மலையின் வெளிச்சத்துக்காக விரிந்தது. தன் குலத்தின் சொந்த வெயில் இதற்கு அந்நிய வெயில். அம்மா கேட்டது செடியைப் பற்றி மட்டும்தானா என்று தெரியவில்லை. ஐந்து ஆண்டுகளில் அவளுக்கும் சரிவில் ஒரு தோழி, மண் நிரப்ப ஓர் இடம், முந்தானையில் முடிய ஒரு கூலி கிடைத்திருந்தன. புறப்படும் நாளில் அக்காவும் அம்மாவும் அழவில்லை. எந்தப் பையில் எவ்வளவு மணல் கலப்பது என்பதைப் பற்றியே கடைசிவரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

இம்முறை தொட்டி என் மடியில் வந்தது. திருச்சி வீட்டில் வேப்பமரத்தடியில், முழு நிழலில் வைத்தோம். பத்தே நாளில் ஒரு இலை மிச்சமில்லாமல் கொட்டிப்போனது. வெறும் குச்சியாக நின்றதைப் பார்த்தபோது, தண்ணீர்க் குவளையை எடுக்க என் கை தானாகப் போனது.

"இன்னிக்கு வேணாம்" என்றாள் அம்மா.

நான் குனிந்து தண்டை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே பச்சையாக இருந்தது.